உட்கருவை விட்ட அணு



இன்று குருத்து ஞாயிறு. மேலே இருந்த கிறிஸ்து தம் உயர்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை, அனைத்தையும் விட்டு இறங்கி வந்தார் என்று பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதியதை இரண்டாம் வாசகத்தில் கேட்டோம். அதைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவு நம் இரத்தத்துக்குள் போகும்.

சப்பாத்திக்கு உருட்டிய மாவை இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள், இருபுறமும் குழியும். நம் சிவப்பணுவின் வடிவம் அதுதான். அகலம் 7 முதல் 8 மைக்ரான். அது நுழையவேண்டிய தந்துகிகள் சில அதைவிடக் குறுகியவை. உருண்டையாக உப்பியிருந்தால் அடைத்துக்கொள்ளும். குழிந்திருப்பதால் மடங்கி, நெளிந்து போய்விடுகிறது. ஆக்சிஜன் உள்ளே வரவும் வெளியேறவும் மேற்பரப்பும் கூடுதலாகக் கிடைக்கிறது.

என்னை அதிகம் தொடுவது வேறொன்று. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது இந்த அணுவுக்கும் உட்கரு உண்டு. இரத்தத்தில் இறங்குமுன் அதை வெளியே தள்ளிவிடுகிறது. கோழிக்கும் தவளைக்கும் அது கடைசிவரை இருக்கும். பாலூட்டிகளான நமக்கு இல்லை. உள்ளே நிறைந்திருப்பது ஹீமோகுளோபின்: ஓர் அணுவில் சுமார் 27 கோடி மூலக்கூறுகள், ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தாங்கும். அத்தனையும் சுமந்தும் தன் பிழைப்புக்கென்று அதிலிருந்து எடுப்பதில்லை. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவே அதனிடம் கிடையாது. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்து, கிடைக்கும் சொற்ப ஆற்றலில் ஓடுகிறது. உட்கரு இல்லாததால் தேய்ந்ததைப் புதுப்பிக்கவும் வழியில்லை. சுமார் 120 நாளில் அதன் ஓட்டம் முடிகிறது. அதன் இரும்பைக்கூட உடல் எடுத்துப் புது அணுக்களுக்குக் கொடுக்கிறது.

அணுவுக்கு மனம் இல்லை. அது தியாகம் செய்வதாக நான் சொல்ல மாட்டேன். நமக்கு மனம் இருக்கிறது. திருவிழாக் கொடியேற்றத்தில் யாருக்கு முதல் மரியாதை என்று அண்ணனும் தம்பியும் பேசாமல் இருக்கும் வீடுகள் நம் பங்கில் உண்டு. இந்தப் பரிசுத்த வாரத்தில், அன்பானவர்களே, அந்தப் பிடியை விட்டுவிடுங்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்ய வருமுன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

திருப்பலி முடிந்ததும் பங்கு அரங்கில் இரத்ததான முகாம் இருக்கிறது. 18 வயது நிறைந்து, 45 கிலோ எடைக்குக் குறையாமல், உடல்நலத்தோடு இருப்பவர்கள் வாருங்கள். வெறும் வயிற்றோடு கொடுக்கக் கூடாது. வாசலில் இட்லி வைத்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.