அளக்காத பார்வை

பிள்ளைகள் விளையாடும் களத்தின் ஓரத்தில் பெற்றோர் எதற்காக நிற்கிறார்கள் என்ற கேள்வி எளிமையாகத் தோன்றினாலும், அதற்கு ஒவ்வொரு பெற்றோரும் தம் நடத்தையால் தரும் விடையைப் பொறுத்தே அந்தக் களத்தில் நடப்பது விளையாட்டாக நீடிக்குமா, ஓயாத தேர்வாக மாறிவிடுமா என்பது முடிவாகிறது. வண்டி ஓட்டுவது, செலவைத் தாங்குவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எனப் பல பொறுப்புகளைச் சுமக்கும் தாய்க்கும் தந்தைக்கும், ஆட்டம் தொடங்கிய நொடியிலிருந்து செய்வதற்கு எதுவும் இருப்பதில்லை. அன்பும் பதற்றமும் ஒருசேர மிகுந்திருக்கும் நேரத்தில் செயலற்று நிற்பது மனிதர்க்கு எளிதல்ல; அதனாலேயே நடுவரின் தீர்ப்பைத் திருத்துவதும், பயிற்சியாளருக்கு வழி சொல்வதும், தம் பிள்ளைக்கு வெளியிலிருந்து கட்டளையிடுவதும் அந்த வெறுமையை நிரப்பத் தொடங்குகின்றன.

பல நாடுகளில் காணப்படும் இச்சிக்கல் அமெரிக்காவில் தனி அழுத்தம் பெற்றிருப்பதற்கு, அங்கே இளையோர் விளையாட்டு அமைந்திருக்கும் விதமே முதற்காரணம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஊர்க் கிளப்புகள் செய்யும் பணியை அமெரிக்காவில் பெருமளவு பள்ளிகளே செய்கின்றன. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான உயர்நிலைப் பள்ளியின் ஆட்டம் பல சிற்றூர்களில் ஊர் முழுவதும் கூடும் நிகழ்வாகவே விளங்குகிறது. 1920இல் தோன்றி, இன்று இண்டியானாபொலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பின் கணக்கில், 2023–24 கல்வியாண்டில் பங்கேற்பு 80 லட்சத்தைக் கடந்தது. இரண்டு விளையாட்டுகளில் ஆடும் மாணவர் இருமுறை எண்ணப்படுகிறார் என்றாலும், இத்தனை ஆட்டங்களின் ஓரத்திலும் பெற்றோர் நிற்கிறார்கள் என்பதை நினைத்தால் பிரச்சினையின் பரப்பு விளங்கும். இந்த வயதுக்கு முந்தைய நிலையிலும், 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய லிட்டில் லீக் பேஸ்பால் போன்ற அமைப்புகள் பெரும்பாலும் பெற்றோரின் தன்னார்வ உழைப்பால் நடப்பதால், அமைப்பாளர், பயிற்சியாளர், பார்வையாளர் ஆகிய மூன்று நிலைகளுக்கும் இடையிலான எல்லை அங்கே தொடக்கத்திலிருந்தே மங்கலாக இருந்துவருகிறது.

அந்த எல்லை முற்றிலும் அழிந்துபோனால் என்ன நேரும் என்பதற்கு, 2000ஆம் ஆண்டு ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரெடிங் நகரில் ஒரு ஐஸ் ஹாக்கி அரங்கில் நடந்த கொடுமை சான்றாக நிற்கிறது. சிறுவர்களின் பயிற்சி ஆட்டத்தில் முரட்டுத்தனம் மிகுந்துவிட்டது என்று தொடங்கிய வாக்குவாதம் கைகலப்பாக முற்றி, ஆட்டத்தை மேற்பார்த்துவந்த ஒரு தந்தை மற்றொரு தந்தையின் அடியில் உயிரிழந்தார். அடித்தவர் 2002இல் கொலைக்குக் குறைந்த மரணம் விளைவித்த குற்றத்துக்காகச் சிறை சென்றார். இது அரிதினும் அரிதான நிகழ்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிர்ச்சேதம் இல்லாத, அன்றாட வசைச்சொற்களாலான வன்முறை அரிதானதன்று. 2017இல் நடுவர்களுக்கான தேசியச் சங்கம் 17,000க்கும் மேற்பட்ட நடுவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், களத்தின் பண்பை மிகுதியாகக் கெடுப்பவர் யார் என்ற கேள்விக்கு, பயிற்சியாளர்களையும் பிற ரசிகர்களையும் முந்திக்கொண்டு பெற்றோரையே ஏறத்தாழ 40 சதவீதத்தினர் சுட்டினர். 2018–19க்குப் பின் ஏறத்தாழ 50,000 பேர் பள்ளி நடுவர் பணியை விட்டு விலகியதாக மேற்சொன்ன கூட்டமைப்பு தெரிவித்தது. பெருந்தொற்றும் அதற்கு ஒரு காரணம் எனினும், சிறு ஊதியத்துக்காக வார இறுதியில் வந்து வசை வாங்கிச் செல்ல விரும்பாதவர்கள் திரும்பி வராததும் ஒரு காரணம். நடுவர் கிடைக்காதபோது பெரும்பாலும் முதலில் கைவிடப்படுவது இளநிலை அணிகளின் ஆட்டமே என்பதால், ஓரத்தில் நின்று கத்தியவரின் பிள்ளையும் கத்தாதவரின் பிள்ளையும் சேர்ந்தே ஆட்டத்தை இழக்கிறார்கள்.

இத்தகைய பெற்றோரைப் பண்பற்றவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அலுவலகத்திலும் அண்டை வீட்டாரிடமும் அடக்கமாக நடந்துகொள்ளும் ஒருவர் களத்தின் ஓரத்தில் மட்டும் மாறிவிடுவதை அது விளக்குவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்களான ஃபிராங்க் ஸ்மோல், ரொனால்ட் ஸ்மித் ஆகியோர் இதைத் தலைகீழ்ச் சார்பு என்ற கருத்தால் விளக்கினர். இயல்பில் பிள்ளையே தன் மதிப்புணர்வுக்குப் பெற்றோரைச் சார்ந்திருக்க, இந்நிலையில் பெற்றோர் தம் மதிப்புணர்வுக்குப் பிள்ளையின் ஆட்டத்தைச் சார்ந்துவிடுகிறார். பிள்ளை தவறவிட்ட பந்து அவரையே தாக்குகிறது. பிள்ளைக்கு எதிரான தீர்ப்பு தமக்கு நேர்ந்த அவமதிப்பாகிறது.

தனிமனித உள்ளத்தில் எழும் இந்தச் சார்பைப் பணம் மேலும் இறுக்குகிறது. பள்ளி அணிக்கு வெளியே, தனியார் கிளப்புகள் தேர்ந்தெடுத்த சிறுவர்களை மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துச் சென்று போட்டியிட வைக்கும் பயண அணிகள் என்ற முறை அங்கே வேரூன்றிவிட்டது; கட்டணம், விடுதி, பெட்ரோல், தனிப்பயிற்சி என்று செலவு வளரும்போது, அது முதலீடாகவும் விளைவு அதன் வட்டியாகவும் பார்க்கப்படுவது தவிர்க்க முடியாததாகிறது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் டார்ஷும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குடும்ப வருமானத்தில் விளையாட்டுக்குச் செல்லும் பங்கு கூடக் கூடப் பிள்ளை உணரும் அழுத்தமும் கூடியது. அந்த அழுத்தத்தோடு விளையாட்டின் மகிழ்ச்சி குறைந்தது. இத்தனை செலவுக்கும் பின்னால் நிற்கும் நம்பிக்கை, பெரும்பாலும் கல்லூரியின் விளையாட்டு உதவித்தொகை. உயர்நிலைப் பள்ளி வீரர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது; தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை வழங்குவதே இல்லை. நூற்றில் தொண்ணூற்றெட்டு பேருக்குக் கிட்டாத ஒன்றை முன்னிறுத்தி நூறு பேரின் இளமையையும் நடத்துவது எவ்வளவு நியாயம் என்பது, ஒவ்வொரு குடும்பமும் பயண அணியின் முதல் கட்டணத்தைச் செலுத்துமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இழப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பயிற்சியாளர் ஒன்று சொல்ல, ஓரத்திலிருந்து தந்தை வேறொன்று கூவ, ஆடுபவரின் கவனம் பந்தை விட்டு இரண்டு குரல்களுக்கிடையே சிக்கிக்கொள்கிறது. எதைக் கேட்டாலும் யாரோ ஒருவரை ஏமாற்றும் நிலைக்கு அந்தச் சிறுமியோ சிறுவனோ தள்ளப்படுகிறார். புரூஸ் பிரௌன், ராப் மில்லர் என்ற பயிற்சியாளர்கள் கல்லூரி வீரர்களிடம் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்த வினாவுக்கு, இளமை விளையாட்டின் மிகக் கசப்பான நினைவாக, ஆட்டம் முடிந்து பெற்றோருடன் காரில் வீடு திரும்பிய பயணத்தைப் பலர் குறிப்பிட்டனர். தோல்வியைக்கூட அவர்கள் அவ்வளவு கசப்பாக நினைவுகூரவில்லை என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கதவு மூடிய வண்டிக்குள், தப்பிச் செல்ல வழியின்றி, உடல் களைத்த நிலையில் தன் பிழைகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுவதைக் கேட்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அதே வீரர்கள் கேட்டு மகிழ்ந்ததாகச் சொன்ன சொற்களோ, நீ ஆடுவதைப் பார்ப்பதே எங்களுக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் அமைந்தவை.

அச்சொற்கள் ஏன் அவ்வளவு ஆழமாகப் பதிந்தன என்பதில்தான் பெற்றோர் களத்தின் ஓரத்தில் நிற்பதற்கான காரணமும் அடங்கியிருக்கிறது. களத்தில் இருக்கும் மற்ற அனைவரும் பிள்ளையை அளந்துகொண்டே இருக்கிறார்கள்: பயிற்சியாளர் திறனை அளக்கிறார், நடுவர் விதிக்கேற்ப அசைவை அளக்கிறார், எதிரணி பலவீனத்தை அளக்கிறது, சக வீரர்கள்கூடத் தமக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை மனத்தில் வைத்து அளக்கிறார்கள். இந்த அளவீடுகளெல்லாம் விளையாட்டுக்குத் தேவையானவை. அவற்றைத் தாங்கப் பழகுவதே விளையாட்டு தரும் கல்வியின் பெரும்பகுதி. ஆனால் தொடர்ந்து அளக்கப்படுவதைத் தாங்க வேண்டுமானால், எந்த அளவீட்டுக்கும் உட்படாத ஓர் இடம் பிள்ளைக்கு இருந்தாக வேண்டும். அந்த இடத்தைத் தரக்கூடியவர் அக்கூட்டத்தில் பெற்றோர் மட்டுமே. அவரும் அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டால், களத்தில் ஒரு பயிற்சியாளர் கூடுகிறாரே தவிர, பெற்றோரின் இடம் ஆளின்றிப் போகிறது.

ஆகவே பெற்றோரின் நடத்தையைச் சீர்செய்ய முனையும் பள்ளிகளும் லீக்குகளும், தங்கள் விதிகள் அந்த இடத்தைக் காக்கின்றனவா என்றே முதலில் பார்க்க வேண்டும். 2000இல் ஃபுளோரிடாவின் ஜூப்பிட்டர் பகுதி இளையோர் விளையாட்டுச் சங்கம், பெற்றோர் நன்னடத்தை வகுப்பில் கலந்துகொண்டு உறுதிமொழியில் கையெழுத்திட்டால்தான் பிள்ளை ஆடலாம் என்று விதித்தது. எதிர்பார்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவது அதன் நன்மை, பெற்றோர் மறுத்தால் தண்டனை பிள்ளையின் தலையில் விழுவது அதன் குறை. 2023இல் நியூஜெர்சியின் டெப்ட்ஃபோர்டு லிட்டில் லீக், நடுவரைத் திட்டுபவர் தாமே மூன்று ஆட்டங்களுக்கு நடுவராக நின்ற பிறகே பார்வையாளராகத் திரும்பலாம் என்று அறிவித்தது. கண்டிப்பைவிட இது நுட்பமானது, ஏனெனில் ஓரத்திலிருந்து தெளிவாகத் தெரிவது களத்துக்குள் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை என்பதை அவரே தம் கண்ணால் அறிந்துகொள்கிறார். பார்வையாளர்கள் கைதட்டலாம், பேசக் கூடாது என்ற மௌன ஆட்ட நாள்களைச் சில லீக்குகள் நடத்துகின்றன. அன்று பிள்ளைகள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுத் தாமே முடிவெடுத்து ஆட வாய்ப்புப் பெறுகிறார்கள்.

இவற்றைவிடப் பயன்மிக்கவை, ஆரவாரமின்றி நடக்கும் முன்னேற்பாடுகள். பருவம் தொடங்குமுன் பயிற்சியாளரும் பள்ளியின் விளையாட்டுத் துறை இயக்குநரும் பெற்றோரைக் கூட்டி, பயிற்சியாளரிடம் பேசத் தக்கவை எவை, தகாதவை எவை என்று வரையறுப்பது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பிள்ளை நடத்தப்படும் விதம், முன்னேறுவதற்கான வழி, உடல்நலம் ஆகியவற்றைப் பற்றிப் பேசலாம். களத்தில் எவ்வளவு நேரம் ஆட வாய்ப்புக் கிடைக்கிறது, எந்த உத்தி வகுக்கப்படுகிறது, அடுத்தவர் பிள்ளைக்கு ஏன் அந்த இடம் தரப்பட்டது ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கூடாது. இருபத்துநான்கு மணி நேர விதி எனப்படும் மற்றொரு வழக்கம், ஆட்டம் முடிந்து ஒரு நாள் கழிந்த பிறகே குறையைச் சொல்ல அனுமதிக்கிறது. கோபம் தணிவது அதன் ஒரு பயன். அந்த ஒரு நாளில், எழுந்த குறை பிள்ளையுடையதா தம்முடையதா என்று பெற்றோர் பிரித்துப் பார்க்க முடிவது அதனினும் பெரிய பயன். பிள்ளையே தன் குறையைப் பயிற்சியாளரிடம் முதலில் சென்று சொல்லட்டும் என்ற படிநிலையும் சேரும்போது, பதினைந்து வயதில் ஒருவர் பெற வேண்டிய துணிவும் சொல்லாற்றலும் அந்த உரையாடலிலேயே வளர்கின்றன.

எனினும் பெற்றோரின் மௌனத்தை எல்லையற்ற அறமாகக் கொள்வது பேராபத்து. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சிறுமிகளை அணி மருத்துவராக இருந்த லாரி நாசர் பல்லாண்டுகள் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்தியது அம்பலமாகி, 2018இல் அவர் நீண்ட சிறைத்தண்டனை பெற்றபோது, தேசிய அணியின் டெக்சாஸ் பயிற்சி முகாமில் பெற்றோருக்கு அனுமதி இல்லாதிருந்த நிலையும் கடும் கேள்விக்குள்ளானது. ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க வேண்டிய அதே பெற்றோர், பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றி ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் குரல் எழுப்ப வேண்டியவர். எந்த இருபத்துநான்கு மணி நேர விதியும் அங்கே பொருந்தாது. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் அளவை ஒன்று உண்டு: எழுப்பும் குரல் பிள்ளையின் உடலையும் மனத்தையும் காக்கிறதா, அல்லது பிள்ளையின் தரவரிசையைக் காக்கிறதா என்று பெற்றோர் தம்மையே கேட்டுக்கொள்வது. எல்லாவற்றுக்கும் கத்திப் பழகியவரின் உண்மையான எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பவர் குறைவு என்பதால், சிறியவற்றில் காக்கும் அடக்கமே பெரியதில் எழும் குரலுக்கு வலிமை சேர்க்கிறது.

பள்ளியின் விதி கூச்சலைத் தடுக்கலாம். பெற்றோரின் உள்ளத்திலிருந்து அளவுகோலை எடுத்துவிட எந்த விதியாலும் இயலாது, அது ஒவ்வொருவரும் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டிய பயிற்சி. தம் பிள்ளை தோற்பதையும், மாற்று ஆட்டக்காரராக இருக்கையிலேயே அமர்ந்திருப்பதையும், தவறான தீர்ப்புக்கு ஆளாவதையும், திருத்த முனையாமல் உடனிருந்து பார்க்கக் கற்பது அந்தப் பயிற்சியின் சாரம். பள்ளிப் படிப்போடு பெரும்பாலோரின் போட்டி விளையாட்டு முடிந்துவிடுகிறது; வேலை, திருமணம், நோய், இழப்பு என்று பிள்ளை பின்னாளில் இறங்கப்போகும் களங்கள் எதிலும் பெற்றோர் உள்ளே வந்து ஆட முடியாது. வாழ்நாள் முழுவதும் தேவைப்படப்போகும் அந்தத் துணையிருப்பை, தோற்றாலும் பெரிதாக எதுவும் கெட்டுவிடாத ஒரு பள்ளி ஆட்டத்திலேயே பழகிக்கொள்ளும் பெற்றோர், பிள்ளை உண்மையாகவே தோற்ற நாளில் அச்சமின்றி நாடி வரத்தக்கவராக இருப்பார்.