கூண்டில் நிற்க வேண்டியவர் யார்?

பலாங்கொடை நகரைத் தாண்டி மலைச்சரிவில் ஏறினால் தேயிலைக்கு நடுவே லயங்கள். லயங்களுக்கு அப்பால் ஒரு சிறிய மருந்துச்சாலை. அங்கே ஓர் இரவை எண்ணிப் பார்ப்போம். மேல்கணக்கில் ஒருத்திக்குப் பிரசவ வேதனை. வெளியே ஓயாத மழை. கடமையில் இருப்பவள் ஒரே ஒரு தாதி. இருக்கும் ஒரே லொறியை எடுக்க அனுமதி தர வேண்டியவரோ பங்களாவில் இல்லை. பலாங்கொடை ஆதார வைத்தியசாலையை அடையுமுன் குழந்தை இறந்துவிடுகிறது. மறுநாள் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "அந்தத் தாதி என்ன செய்துகொண்டிருந்தாள்?"

இக்கேள்வி கேட்கத் தகாதது என்று நாம் கூறவில்லை. நோயாளியின் உயிர் தாதியின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. மருந்தின் அளவைச் சரிபார்ப்பதும், நாடி தளர்வதைக் கண்டவுடன் வைத்தியருக்கு அறிவிப்பதும், செய்ததைச் செய்தபடி ஏட்டில் எழுதுவதும் அவளுடைய கடமைகள். வறுமையும் வேலைப்பளுவும் அசிரத்தைக்குச் சமாதானம் ஆகா. ஏழையின் உயிரென்றால் கவனம் சற்றுக் குறையலாம் என்று நினைக்கும் தாதி, எந்த வர்க்கத்தில் பிறந்தவளாயினும், குற்றவாளியே. ஆயினும் இக்கேள்வியோடு விசாரணை முடிந்துவிடலாமா என்பதே நம் கவலை.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி, அசட்டையான செயலால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நட்டஈடு கோருவோர் உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே, இரண்டாண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கொழுந்து பறிக்கும் தாய்க்கு அந்த இரண்டாண்டில் வழக்கறிஞரும் வைத்திய நிபுணரின் சாட்சியமும் எங்கிருந்து கிடைக்கும்? தன் குழந்தையைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பையே, அது தான் அறியாத மொழியில் இருப்பதால், அவள் வாசிக்க முடிவதில்லை. தாதிக்குச் சட்டம் அச்சமாகவும் தாய்க்கு எட்டாக் கனியாகவும் இருக்கிறது.

மலையகத்தில் இத்தகைய துயரங்கள் வெளியுலகை எட்டுவது அரிது. நகரத்தில் நேர்வது செய்தியாகிறது. 2023ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் இடது கையை மணிக்கட்டோடு இழந்தாள். நாடே கொதித்தது. தாதி ஒருவர் வெளிநாடு செல்ல நீதிமன்றம் தடை விதித்தது. குற்றம் எவருடையதென்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் அந்தச் சீற்றத்தின் நடுவே, விடுதியில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை தாதியர் இருந்தனர் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இங்கிலாந்தில் இக்கேள்விக்கு விடை கிடைக்க நெடுங்காலம் பிடித்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியர் செய்யும் பிழைக்கு வைத்தியசாலை பொறுப்பில்லை என்று 1909இல் அந்நாட்டு நீதிமன்றம் கூறியது. 1951இல் காசிடி என்ற தொழிலாளியின் வழக்கு வந்தது. விறைத்த இரு விரல்களுக்குச் சிகிச்சை பெறச் சென்றவர், நான்கு விரல்களும் விறைத்துத் திரும்பினார். எவர் கையால் பிழை நேர்ந்ததென்று அவரால் சுட்டிக்காட்ட இயலவில்லை. அதை அவர் சுட்டத் தேவையில்லை, விளக்கம் தர வேண்டியது வைத்தியசாலையே என்றது நீதிமன்றம். நிறுவனம் தன் ஊழியரின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது என்பதே இதன் சாரம்.

நம் தோட்டங்களுக்கும் இது புதிய தத்துவமன்று. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம், நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலைமேல் சுமத்தியது. அது கருணையால் பிறந்ததன்று. உழைக்கும் உடல்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. துரை மாறினார், அரசு வந்தது, கம்பனி வந்தது. இரவில் தனியே விழித்திருக்கும் பெண் மட்டும் மாறவில்லை. இலாபக் கணக்கு மேலே போகிறது. பழி கீழே இறங்கி அவள் மடியில் விழுகிறது.

ஆகவே தாதியருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்கிறோம். அது குற்றத்தை மூடும் போர்வையாகிவிடாதா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான ஐயமே. சந்தாப் பணம் கட்டிப் பெறும் காப்புறுதி மட்டும் போதுமானால், தவறு ஒரு விலைப்பட்டியலாகிவிடும். நாம் கோருவது வேறு. ஆட்குறைவையும் மருந்துக்குறைவையும் தாதி எழுத்தில் முறையிட்டால் அம்முறையீடு பதிவாக வேண்டும். விசாரணையில் முதற்சாட்சியமாக அதுவே படிக்கப்பட வேண்டும். நட்டஈட்டை நிறுவனம் செலுத்த வேண்டும். வழக்கு வந்தால் தாதிக்குச் சட்டத்துணை கிடைக்க வேண்டும். இவற்றுக்கு ஈடாக அவள் தர வேண்டியது ஒன்று உண்டு: உண்மை. நடந்ததை நடந்தபடி, அந்தத் தாய்க்குப் புரியும் மொழியில் அவள் சொல்ல வேண்டும்.

அச்சத்தில் வாழும் தாதி ஏட்டைத் திருத்துவாள். திருத்தப்பட்ட ஏட்டிலிருந்து எவரும் எதையும் கற்பதில்லை. அடுத்த மழை இரவில் அடுத்த குழந்தையும் அதே வழியில் இறக்கும். தன் குழந்தை ஏன் இறந்தது என்று லயத்து வாசலில் நின்று கேட்கும் தாயும், பதில் சொல்ல அஞ்சித் தலைகுனிந்து நிற்கும் தாதியும் ஒருவருக்கொருவர் பகைவர் அல்லர். அவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் கூண்டுக்கு வெளியே நிற்கும் நிர்வாகத்தை நோக்கி, ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் முதலில் விரலை நீட்டுவோம்.