முதலில் சாப்பிடு

வாசிக்க: 1 இராஜாக்கள் 19:1–9, யோவான் 21:1–17

வேலை பறிபோய், முகம் வாடி வீட்டுக்குள் நுழைகிற பிள்ளையிடம் அம்மா உடனே காரணம் கேட்பதில்லை. "கை கால் கழுவிட்டு வா, முதல்ல சாப்பிடு" என்கிறாள். விசாரணையெல்லாம் தட்டு காலியான பிறகுதான்.

எலியாவிடம் கர்த்தரும் அப்படித்தான் நடந்துகொண்டார். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்று, ஜெபித்து, வானத்து அக்கினி இறங்கக் கண்டவர் எலியா. யேசபேலின் மிரட்டல் வந்ததும் பெயெர்செபாவுக்கு ஓடினார். வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைக் கேட்டு மன்றாடினார். அப்படியே தூங்கிப்போனார்.

தூதன் தட்டி எழுப்பினான். விசுவாசம் எங்கே போனது என்று விசாரிக்கவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. பலிபீடத்துக் கற்களையே பட்சித்த அக்கினியை அனுப்பியவர், இங்கே ஓர் அடைக்குப் போதுமான தணலை வைத்திருந்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இன்னொரு முறை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் தூதன். 40 நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகே, இங்கே உனக்கு என்ன வேலை என்று கர்த்தர் கேட்டார்.

திபேரியா கடற்கரையிலும் இதே ஒழுங்குதான். இரவெல்லாம் வெறும் வலை இழுத்த சீஷர்கள், விடியலில் இயேசுவின் சொல் கேட்டு 153 மீன்களைப் பிடித்தார்கள். ஆனால் அந்த மீன்கள் கரைசேருமுன்னே கரிநெருப்பின்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தார். தம்மை நேசிக்கிறாரா என்று இயேசு அவரிடம் கேட்டது சாப்பாடு முடிந்த பிறகே.

நாமோ முழங்காலிட்டதுமே கணக்கு ஒப்பிக்கிறோம்: தவறிய வேதவாசிப்பு, நிறைவேற்றாத பொருத்தனை, அடக்க முடியாமல் போன கோபம். கணக்கு நேரானால்தான் இளைப்பாறுதல் என்று எண்ணிக்கொள்கிறோம். கேட்கவேண்டியதை அவர் கேட்பார். எலியாவையும் பேதுருவையும் கேட்காமல் விடவில்லை, வேலைகொடுத்து அனுப்பாமலும் விடவில்லை. ஆனால் களைத்து வந்தவரை வாசலில் நிறுத்திவைத்துக் கேட்பதில்லை.

இன்றிரவு ஒன்றும் ஒப்பிக்காமல் சற்று நேரம் அவர்முன் உட்காருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உம் பந்தியில் உட்கார மட்டும் வந்திருக்கிறேன். ஆமென்.