யாருடைய தெரு?

எங்கள் வீட்டுப் பத்திரத்தில் நான்கெல்லையில் ஒன்று, 'பொதுத்தெருவுக்கு மேற்கு.' அதே தெரு ஊருக்குள் திரும்பும் இடத்தில் அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். செருப்பு கைக்கு வந்துவிடும். "ரோடு கவருமெண்டோடதுதானேப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "காயிதத்துலதாண்டா" என்றார்.

காகிதத்தைப் பிறகு படித்தேன். பொதுமக்களுக்கு வழிநடை உரிமை உள்ளதே பொதுத்தெரு என்றது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். சரி, பொதுமக்கள் யார்? நாமும் அதில் சேர்த்திதான் என்று சொல்ல 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தனித் தீர்மானமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கான போராட்டமும் நடந்தது.

அரசுப் பணத்தில் பராமரிக்கும் சாலையில் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு. தடுப்பவனும் சட்டம் படித்துக்கொண்டான். இப்போது அவன் சாதியைச் சொல்வதில்லை. "இது தெருவே இல்ல, பட்டா நெலம்" என்கிறான். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நிலத்துக்காரர்கள் வழிவிடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்.

"அடுத்தவர் நிலத்தில் வழி கேட்பது நியாயமா?" என்கிறார் நண்பர் ஒருவர். பாதை இல்லாத இடத்தில் நமக்குச் சுடுகாடு ஒதுக்கியது நியாயமா என்று முதலில் கேளுங்கள் தோழரே. வழியை மறித்துவிட்டு அதற்குச் சொத்துரிமை என்று பெயர் வைக்கிறார்கள்.

நிலத்தை அளந்து தெருவுக்கு விளக்கம் எழுதினார்கள். நடக்கிறவனைக் கேட்டு எழுதவில்லை. என்னைக் கேட்டால், அப்பா சைக்கிளை விட்டு இறங்காமல் போக முடிந்திருந்தால் அது பொதுத்தெரு. இறங்கினார் என்றால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது அவர்கள் தெருதான்.