அவருக்கும் ஒரு பங்குண்டு

நம் ஊர்களில் நாம் பலமுறை கண்ட காட்சி இது. வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்திருக்கும். உள்ளே பாய் விரித்துச் சொத்துப் பிரிவினை நடக்கும். வெளித்திண்ணையில் மனநோயுற்ற மகன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். "அவனுக்கெதுக்குப் பங்கு? சோறு போட்டாப் போதாதா?" என்பார் ஒருவர். மற்றவர்கள் மௌனமாக இருந்துவிடுவார்கள். பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கியதோடு அவருடைய ஹக்கு முடிந்துபோகும்.

முடிந்துவிடுமா? வாரிசுரிமையைத் தடுப்பவை எவையென ஃபிக்ஹு நூல்கள் எண்ணிச் சொல்கின்றன. வாப்பாவைக் கொன்ற மகனுக்குப் பங்கில்லை. புத்தி பேதலித்த மகனுக்கு உண்டு. தெளிந்த சகோதரனுக்கு எவ்வளவோ அவ்வளவே அவருக்கும். விஷயம் புரியாத நிலையில் வாங்கிய ரேகை, 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படியும் செல்லாது. அல்லாஹ்வின் சன்னிதியில் அது எப்படிச் செல்லும்?

திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 5 ஆம் வசனத்தைச் சிந்திப்போம். பொருளைப் பேணத் தெரியாதவர் கையில் அதை ஒப்படைக்க வேண்டாமெனத் தடுக்கும் அல்லாஹு தஆலா, அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும், இனிய சொல் பேசவும் கட்டளையிடுகிறான். 'அதிலிருந்து' என்னாமல் 'அதிலே' உணவளியுங்கள் என்று வந்திருப்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். முதலைத் தின்று தீர்க்காமல், அதைப் பெருக்கி, வரும் லாபத்தில் செலவிட வேண்டும் என்பது அதன் நுட்பம். சொத்து அவருடையது, சுமை நம்முடையது.

ஆகவே பெற்றோரே, ஹயாத்தோடு இருக்கும்போதே ஏற்பாடு செய்வோம். நமக்குப் பின் அவர் பங்கைப் பேண அமானிதமுள்ள ஒரு வஸீயை, ஆலிமையும் வக்கீலையும் கலந்து, சாட்சிகளோடு எழுதிவைப்போம். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி அந்த மகனுக்கு வஸிய்யத்தால் கூட்டிக் கொடுக்க இயலாது. ஆனால் அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் மருமகள் வாரிசல்லவே! மூன்றில் ஒரு பங்குக்குள் அவளுக்கு வஸிய்யத் செய்யலாம். அந்த மூன்றில் ஒன்றே அதிகம் என்றுதான் ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். உயிரோடிருக்கையில் ஹிபா கொடுப்பதில் பிள்ளைகளிடையே நீதி வேண்டும். எனினும் நோயினால் தேவை மிகுந்த பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்க இடமுண்டு என்று கூறிய இமாம்களும் உண்டு. மற்ற மக்களை அழைத்துக் காரணத்தைச் சொல்லிவிட்டே செய்வோம்; மறைத்துச் செய்தால் அதுவே நாளைய பகையாகும்.

ஏர்வாடியை நாம் மறக்கலாமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைதான். மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடுத்துவிட்டது. சட்டம் சங்கிலியை அவிழ்க்கும். திருமறை கேட்ட அந்த இனிய சொல்லை யார் சொல்வது? வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது. தெளியும்வரை புத்தி சுவாதீனமற்றவர் அவர்களில் ஒருவர். அவர் ஏட்டில் பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால் அவர் பங்கை உண்டவர்களின் ஏடு திறந்தே இருக்கிறது. திண்ணையில் இருப்பவரை உள்ளே அழைத்து, நம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பங்கு பிரிப்போமாக! வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக, ஆமீன்.