அமானிதமாக வந்த உயிர்

பெட்டியடியில் ஒருவர் நம்பி வைத்துப்போன பணத்தை, அவர் கேட்டு வரும்போது குறைவின்றிக் கொடுப்பது அமானிதம் என்று வியாபாரிகளாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்படைக்கப்படுவது பணமாக இல்லாமல் ஒரு மனிதரின் உயிராக இருந்தால் என்ன செய்வது? அதைக் காக்கத் தன் மனைவி மக்களின் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமையுண்டா?

போஸ்னியாவின் ஸராயீவோ நகரில் முஸ்தபா ஹர்தகா என்றொரு முஸ்லிம் இருந்தார். அவருடைய கட்டடத்தில் ஜோஸப் கவிலியோ என்ற யூதர் குழாய்த் தொழிற்சாலை நடத்திவந்தார். கட்டடக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்பது நேயர்கள் அறியாததல்ல! 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் குண்டு வீசிக் கவிலியோவின் வீடு அழிந்ததும், முஸ்தபா அக்குடும்பத்தைத் தம் வீட்டிற்கே அழைத்துச் சென்றார். அந்நிய ஆடவர் முன் முகத்திரையின்றி வராத அவ்வீட்டுப் பெண்டிர், கவிலியோவைத் தம் குடும்பத்தவராகவே கொண்டு திரையை நீக்கினர்.

பிறகு கவிலியோ தம் மனைவி மக்களை இத்தாலியர் வசமிருந்த மோஸ்தருக்கு அனுப்பிவிட்டு, தொழிலை முடித்துக் கணக்குத் தீர்க்கத் தாம் மட்டும் தங்கினார். வியாபாரி அல்லவா! பிடிபட்டார். காலில் சங்கிலியோடு தெருவில் பனி அள்ளிக்கொண்டிருந்த அவரை முஸ்தபாவின் மனைவி ஜைனபா கண்டு, கைதிகளுக்கு உணவு கொண்டுபோகத் தொடங்கினார். தப்பி ஓடிய கவிலியோ மறுபடியும் தட்டியது அதே கதவைத்தான். அருகிலேயே நாஜி ரகசியப் போலீஸாரின் அலுவலகம். யூதரை ஒளித்தால் மரணம் என்று சுவர்களில் அறிவிப்பு. முதல் முறை இரக்கத்தால் இடங்கொடுத்தார்கள் என்று சொல்லலாம். இம்முறை அறிவிப்பைப் பார்த்த பின்பே கதவைத் திறந்தார்கள்.

குடும்பத் தலைவன் முதலில் தன் குடும்பத்தையல்லவா காக்கவேண்டும் என்பார் உண்டு. அதைக் கோழையின் பேச்சென்று நான் தள்ளமாட்டேன். ஜைனபாவின் தந்தை அஹ்மத் ஸாதிக், வேறொரு யூதக் குடும்பத்திற்கு உதவியதற்காகக் கொல்லப்பட்டார். ஆயினும் முஸ்தபா வீட்டில் முடிவு அவர் ஒருவருடையதல்ல. பனியில் உணவு சுமந்தவர் ஜைனபா. பணயமானவரே பணயம் வைத்தவராகவும் இருந்தார். ஆனால் பிள்ளைகளை யார் கேட்டார்கள்? இதற்கு என்னிடம் விடையில்லை.

போர் முடிந்து திரும்பிய கவிலியோ குடும்பம் முதலில் தங்கியதும் அவ்வீட்டிலேதான். அவர்கள் கொடுத்துச் சென்ற நகைப்பெட்டியை ஹர்தகா வீட்டார் எடுத்து வந்து முன்னே வைத்தனர். 1994-இல் ஸராயீவோ முற்றுகைக்குள் சிக்கியிருந்தபோது, முதியவராகிவிட்ட ஜைனபாவை யூதர்கள் மீட்டு ஜெரூசலத்திற்கு அழைத்துச் சென்றார்கள்.