இரண்டாம் முறை கை வைத்தார்



இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்த நாளையே உலக நோயாளர் நாளாக அறிவித்தார். அதற்காக மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்திலிருந்து வாசித்தோம். இடம் பெத்சாய்தா. பேதுருவும் அந்திரேயாவும் பிறந்த, நம் ஊர்களைப் போலவே வலையும் மீனுமாக இருந்த ஊர். பார்வையில்லாத ஒருவரை இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திப் போகிறார். கண்ணில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். தெரிகிறது, ஆனால் ஆட்கள் மரங்கள் நடப்பது போலத் தெரிகிறார்கள் என்று அந்த மனிதர் சொல்கிறார். இயேசு மறுபடியும் கை வைக்கிறார். அப்புறம்தான் எல்லாம் தெளிவாகிறது.

நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள். இப்படி இரண்டு தவணையாக நடந்த குணமளிப்பு இது ஒன்றுதான். மத்தேயுவும் லூக்காவும் இதை எழுதாமல் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். எனக்கோ மாற்கு எழுதியதிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. காரணம், அந்த மனிதரின் பதில். நம் ஊரில் ஒருவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இவ்வளவு பெரியவர் கை வைத்திருக்கிறார், சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள், “நல்லாத் தெரியுது சாமி” என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் மரத்தில் முட்டிக்கொண்டிருப்பார். இவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். இயேசுவும், உனக்கு விசுவாசம் போதவில்லை என்று அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிகளை மனத்தில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில் ஒரு கட்டி வளரும். அக்கூஸ்டிக் நியூரோமா என்பார்கள். இது புற்றுநோய் அல்ல. மெதுவாக வளர்வது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருகிற அபூர்வமான கட்டி. ஒரு பக்கக் காது மந்தமாகும், உள்ளே இரைச்சல் கேட்கும், நடை தடுமாறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் ஹார்வி குஷிங் 1917-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதி, அறுவை முறையையே மாற்றினார். நம் நாட்டில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இன்று இந்த அறுவைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான், மரங்கள் நடப்பது போலத் தெரிகிற காலம் தொடங்குகிறது.

தலை கனக்கிறது. உள்ளேயிருந்து யாரோ அழுத்துவது போல இருக்கிறது. கழுத்தைத் திருப்பினால் தெருவே திரும்புகிறது. வீட்டில் இருக்கிற நாமோ, “ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?” என்று கேட்கிறோம்.

என்ன என்பதைக் கேளுங்கள். கடல் மயக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நம் புனித சவேரியார் 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறினார். 1542 ஜனவரி முதல் நாள் மொசாம்பிக்கிலிருந்து எழுதிய கடிதத்தில், இரண்டு மாதம் கடல் மயக்கத்தில் அவதிப்பட்டதாகச் சொல்கிறார். அதே ஆண்டுதான் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகைக்கு நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள். கடலில் புதிதாகப் போகிறவருக்குத் தலை ஏன் சுற்றுகிறது? நகர்கிறோம் என்று காது சொல்கிறது, எதிரே இருக்கிற பலகை அசையவில்லை என்று கண் சொல்கிறது. எதை நம்புவது என்று மூளைக்குத் தெரியவில்லை. இந்த அறுவைக்குப் பிறகும் இதே சண்டைதான். ஒரு பக்கக் காதின் சமநிலை நரம்பு ஓய்ந்துவிட்டது, மறு பக்கம் மட்டும் பேசுகிறது. அந்த ஏற்றத்தாழ்வை மூளை சுழற்சி என்று எடுத்துக்கொள்கிறது. கடல் மயக்கம் வந்தவர் கரை இறங்கினால் தீர்ந்தது. இவருக்கு இறங்கக் கரை இல்லை. இருக்கிற ஒரு காதையும் கண்ணையும் பாதத்தையும் வைத்து மூளை புதிதாகப் பழக வேண்டும். முதல் சில நாள் கடுமையாக இருக்கும், பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும்.

அப்படித் தேறுவதற்கு அசைவு வேண்டும். சுற்றுகிறதே என்று பயந்து படுத்தே கிடந்தால் மூளை பழகாது. 1940-களில் இங்கிலாந்தில் கோத்தோர்ன், குக்ஸி என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்கென்றே பயிற்சிகளை வகுத்தார்கள். ஒரு பொருளில் கண்ணை நிறுத்திக்கொண்டு தலையை இடமும் வலமும் அசைப்பது. முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்து. செய்யும்போது கொஞ்சம் சுற்றும். அந்தக் கொஞ்சம்தான் மருந்து. தலைசுற்றலை அமுக்குகிற மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் இந்தப் பழக்கம் தாமதமாகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் அடியில் படுத்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடியபோது வானதூதர் அறிவுரை சொல்லவில்லை. தூங்க விட்டார், சாப்பிட வைத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். பிறகுதான் நடக்கச் சொன்னார். ஓய்வும் நடையும் இந்த நோயாளிக்கும் அப்படி மாறி மாறித்தான் வர வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சங்கு குளிக்கிறவர்களும், அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்களும் காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதி அடைப்பை எடுப்பார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது கைவந்த பழக்கம். இந்த அறுவை முடிந்தவர் தலை அடைத்தது போல இருக்கிறதென்று அதைச் செய்யவே கூடாது. மூக்கைச் சிந்துவது, முக்குவது, கனமான குடத்தைத் தூக்குவது எல்லாம் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிய அது வழிவிடும். குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினாலும், காயத்திலிருந்து நீர் கசிந்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், தலைவலி நாளுக்கு நாள் ஏறினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். செபமாலையை வண்டியில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பிழைப்பு. காதின் சமநிலை குறைந்தவர் கண்ணையும் பாதத்தையும் நம்பித்தான் நடக்கிறார். விடியுமுன் இருட்டில், கால் புதைகிற மணலில் வள்ளத்துக்குப் போகச் சொன்னால் அந்த இரண்டையும் பறித்துக்கொள்கிறோம். தண்ணீருக்குள் மூழ்கினால் மேலே எது, கீழே எது என்றே தெரியாமல் போகலாம். பனை ஏறுகிறவருக்கும் இதே ஆபத்து. மருத்துவர் சொல்லும்வரை இவர்கள் தொழிலுக்குப் போக முடியாது. கந்துக்காரரும் கடன்காரரும் அதுவரை காத்திருப்பார்களா? வீட்டுக்குப் போய்ச் செபித்துவிட்டு வருவதோடு நம் அன்பியங்கள் நின்றுவிட வேண்டாம். அரிசிப் பானையையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. தள்ளாடி நடக்கிற ஒருவரைப் பார்த்ததும், “காலையிலேயே போட்டுட்டான்” என்கிற வாய். சீலோ ஆலயத்தில் அன்னா உதடு மட்டும் அசைய அழுது மன்றாடியபோது, அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டியவர் தெருவில் போகிற யாரோ அல்ல. ஏலி, ஆலயத்துக் குரு. என்னைப் போன்றவர். குருவுக்கே அந்தப் பிழை வந்ததென்றால் டீக்கடைக்கு வராதா? புயலில் அகப்பட்ட மாலுமிகள் வெறியரைப் போலத் தடுமாறியதாகத் திருப்பாடல் 107 சொல்கிறது. அவர்களும் குடித்திருக்கவில்லை.

சத்தத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கிறவருக்கு ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. தசராவில் நம் ஊரை நிறைக்கிற மேளமும் கூட்டமும், கல்யாண வீட்டு மைக்செட்டும் அவருக்குப் பெரிய பாரம். நம் கோயில் ஸ்பீக்கரையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் விழாவுக்கு வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இயேசுவும் அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து விலக்கித்தானே குணமாக்கினார்?

அவெஞ்சர்ஸ் படங்களில் ஹல்க்காக வருகிற மார்க் ரஃபலோவை இளைஞர்களுக்குத் தெரியும். அவருக்கும் இதே கட்டி இருந்தது. அறுவைக்குப் பிறகு முகம் பல மாதம் ஒரு பக்கம் அசையவில்லை, பிறகு சரியானது. இடக் காது இன்றுவரை கேட்பதில்லை. எல்லாம் திரும்பி வரும் என்று நானும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். முள் இருந்தது, அருளும் இருந்தது.

ஆண்டவர் முதல் முறை கை வைத்தது அறுவை அரங்கில் என்று நான் நம்புகிறேன். இரண்டாம் முறை வைப்பதற்கு அவர் நம் வீடுகளையும் இந்தப் பங்கையும் தேடுகிறார். ஆகவே குணமாகிவிட்டாயா என்று கேட்காமல், இப்போது எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். பதில் நீங்கள் எதிர்பார்த்ததாக இல்லாவிட்டாலும் நம்புங்கள். கூட நடக்கும்போது அவர் கையை இழுக்காதீர்கள், உங்கள் கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்போது நோயில் பூசுதல். தலை சுற்றுகிறவர்கள் வரிசையில் வந்து நிற்க வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம். இருக்கிற பெஞ்சுக்கே எண்ணெய் கொண்டு வருகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள். எந்தக் காது கேட்கும் என்று மட்டும் சொல்லுங்கள், அந்தப் பக்கம் வந்து நின்று செபிக்கிறேன்.